தை பிறக்கட்டும் என்று சொன்னேன்

தரகர் என்றாலே எனக்கு ஆகாது. கிள்ளானில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவளுக்குத் தரகர்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்யாணத் தரகர்கள் என் கடைக்கு அடிக்கடி வருவார்கள். முன்னால் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாதிரி அட்டைகளைப் புரட்டுகிற சாக்கில், யார் வீட்டுப் பெண், எந்த ஊர் மாப்பிள்ளை என்று நோட்டம் விடுவார்கள். பெண் வீட்டாரிடம் "நான் உங்க ஆளு" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதையேதான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு, கல்யாணத்தன்று முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் போவார்கள்.

அதனால், காப்புறுதிக்கும் தரகர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சொன்னவர் பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். மகளின் பத்திரிகைக்காக வந்திருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடை வாசலில் ஓடும் லோங்காங் சாக்கடை நிரம்பி, பிளாஸ்டிக் பைகளும் பாட்டில்களும் மிதந்து போயின. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி என் மெஷினைப் பார்த்தார்.

"இவ்ளோ பேப்பர் வச்சிருக்கீங்க, மெஷின் வேற தரையில நிக்குது. இன்சூரன்ஸ் இருக்காக்கா?"

"இல்லம்மா. ஏஜென்ட் சகவாசமே வேணாம்னு இருக்கேன்."

"ஏஜென்ட் வேற, புரோக்கர் வேறக்கா. ஏஜென்ட் ஒரு கம்பெனி ஆளு. புரோக்கர் நமக்காக நாலு கம்பெனிகிட்ட பேசுவாரு. எங்க கடைக்குப் பாக்கறவரு எங்க வரிசையிலதான் மாடியில இருக்காரு. நல்ல மனுஷன்."

யாராவது ஒருவரை நல்ல மனுஷன் என்று சொன்னால், சொல்கிறவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று யோசிப்பது என் பழக்கம். இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் ஒருத்தன் காப்புறுதி ஏஜென்ட். "அண்ணி, அண்ணி" என்று வீட்டுக்கு வந்து, என் கையால் மீன் குழம்பு சாப்பிட்டு, எங்களிடம் ஒரு பாலிசியில் கையெழுத்து வாங்கினான். ஆஸ்பத்திரி செலவெல்லாம் அதில் வரும் என்றான். பிறகு வீட்டுக்காரர் சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் துடித்தபோதுதான் தெரிந்தது, அது விபத்துக்கு மட்டுமான பாலிசி என்று. போன் போட்டுக் கத்தினேன். "படிச்சிட்டுத்தானே அண்ணி கையெழுத்து வச்சீங்க?" என்றான். அன்றிலிருந்து நான் படிக்காமல் எதிலும் கையெழுத்து வைப்பதில்லை. எங்கள் வரிசையில் இருக்கும் மற்ற கடைக்காரர்களும் நகராண்மைக் கழகத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ ஏதாவது கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "அக்காகிட்ட காட்டு, அக்காவ ஏமாத்த முடியாது" என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இருந்தாலும் அந்த அம்மாள் மெஷினைப் பார்த்த பார்வை மனத்தை அரித்தது. தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்து, அதை மூடியபோது கிடைத்த பணத்தையும், வீட்டுக்காரர் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டிச் சேர்த்ததையும் போட்டு, ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் பழையதாக வாங்கிய அச்சு இயந்திரம் அது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வயதான காலத்தில் எங்களுக்குச் சோறு போடப்போவது அந்த மெஷின்தான். அது போனால் நாங்களும் போனோம்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று, ஒரு செவ்வாய்க்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். கண் தெரியாதவர்கள் நடத்தும் மசாஜ் நிலையத்துக்குப் பக்கத்தில் குறுகலான படி. மேலே போனால் ஒரு சின்ன அறை, இரண்டு மேசை, ஒரு பெண் பிள்ளை கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புரோக்கர் உள்ளே இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "உட்காருங்கக்கா" என்றார். முன்பின் தெரியாதவள் திடுதிப்பென்று வந்து நிற்கிறாளே என்ற ஆச்சரியம் அவர் முகத்தில் கொஞ்சமும் இல்லை. அந்தப் புடவைக் கடை அம்மாள் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரில் சட்டம் போட்டு உரிமச் சான்றிதழ் மாட்டியிருந்தது. கீழே தெருவில் முறுக்கு வாங்கிய ரசீது கைப்பையில் இருந்தது. அதன் பின்னால் உரிம எண்ணை எழுதிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கடைசி நம்பர் ஏழுக்கா. ஒண்ணு மாதிரி தெரியும்" என்றார்.

வங்கியில் வேலை செய்யும் என் தங்கை மகளிடம் அந்த எண்ணைக் கொடுத்து விசாரிக்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். சரியாக இருக்கிறது என்றதும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. இவ்வளவு ஒழுங்காக இருப்பவன் எதற்காக என்னை மாதிரிச் சின்னக் கடைக்காரிக்காக மெனக்கெடப் போகிறான்?

அந்த வாரமே வெள்ளிக்கிழமை கடையைப் பார்க்க வருவதாகப் போன் செய்தார். "தொழுகை முடிச்சிட்டு மூணு மணி போல வர்றேங்கக்கா" என்றார். வந்தார். தேத்தண்ணீர் கலக்கச் சொன்னேன். "இருக்கட்டும்க்கா, இப்பதான் குடிச்சேன்" என்றார். ஒருவேளை பச்சைத் தண்ணீராவது? அதுவும் வேண்டாம். நம் கையால் ஒன்றும் வாங்கிக் குடிக்காதவன் நமக்கு ஏதோ கெடுதல் செய்யப்போகிறான் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. மீன் குழம்பு சாப்பிட்டவனும் செய்துவிட்டுத்தான் போனான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். லோங்காங்கின் விளிம்பிலிருந்து கடைத் தரை எவ்வளவு உயரம் என்று அளந்தார். பிறகு காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரலால் சுவரைத் தடவினார்.

"அக்கா, இங்க எப்ப தண்ணி வந்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில வருடங்களுக்கு முன் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வந்தது உண்மைதான். அதற்குப் பிறகு இரண்டு கை பெயிண்ட் அடித்திருந்தேன். அதையும் மீறி மங்கலாக ஒரு கோடு தெரிந்திருக்கிறது அந்த ஆளுக்கு.

"வரவே இல்லையே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வந்திருந்தா சொல்லிடுங்கக்கா. எழுதாம விட்டா நாளைக்கு அவங்க அதையே பிடிச்சுக்குவாங்க."

"அவங்க" என்றது கம்பெனிக்காரர்களை. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் இந்த ஆள் என் வாயைக் கிளறி விஷயத்தை வாங்கி அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பான் என்றுதான் என் புத்தி சொன்னது. அரை மனத்தோடு, "ஒரு தடவ, கணுக்கால் அளவு" என்றேன். அவர் நாடாவைக் கோட்டுக்கு நேரே பிடித்து, பார்த்ததை எழுதிக்கொண்டார். கணுக்காலைவிட நல்ல உயரம்தான் அது.

அடுத்த வாரம் மூன்று கம்பெனிகளின் தாள்களோடு மறுபடி வந்தார். சாதாரணத் தீ காப்புறுதியில் வெள்ளம் வராது, அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றில் எதில் வெள்ளம் ஒழுங்காகச் சேர்கிறது, எதில் பேப்பருக்குக் கிடைத்து மெஷினுக்குக் கிடைக்காது என்று வரி வரியாகக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். அவர் போன பிறகு அந்தக் கம்பெனிகளில் ஒன்றுக்கு நானே போன் போட்டு, வேறு கடைக்காரி மாதிரி பேசி விலை கேட்டேன். அவர் சொன்ன அதே விலை. அப்படியென்றால் இந்த மனிதன் வயிற்றுப்பாட்டுக்கு யார் கொடுக்கிறார்கள்?

மறுமுறை வந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குக் காசு யாரு சார் தர்றாங்க?"

"கம்பெனிதாங்கக்கா கமிஷன் தருது."

"அப்ப நீங்க யார் பக்கம்?"

"உங்க பக்கம்."

கல்யாணத் தரகர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்கள். "வாயில சொன்னா யாரு நம்புவா? எழுதிக் குடுங்க" என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மேசைமேல் கிடந்த கழிவு அட்டை ஒன்றை எடுத்தார். தங்க நிறம் விலகி அச்சாகிப் பிள்ளையாரின் தும்பிக்கை பக்கத்துக்குப் போய்விட்ட பத்திரிகை. அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் தமிழிலேயே எழுதினார்: "மெஷின், பேப்பர், அச்சடித்த சரக்கு மூன்றுக்கும் வெள்ளம் சேர்த்தது. பணம் கட்டிக் கையெழுத்து வைத்த நாளிலிருந்து." கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் எழுதினார்.

அந்த அட்டையைக் கடையில் சாமி படத்துக்குப் பின்னால், உயரத்தில் பத்திரமாக வைத்தேன். நாளைக்கு இந்த ஆள் தகராறு செய்தால் முகத்தில் விட்டெறிய ஓர் ஆதாரம் வேண்டுமே.

இவ்வளவும் முடிந்த பிறகு கையெழுத்து வைப்பதுதான் பாக்கி. கார்த்திகை மாதக் கடைசி அது. அவர் மூன்று தடவை வந்தார். முதல் தடவை, வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரரிடம் நான் எதையும் கேட்பதில்லை என்பது இந்த வரிசை முழுக்கத் தெரியும். இரண்டாம் தடவை தலைவலி என்றேன். மூன்றாம் தடவை அவர் வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. நல்லதாகப் போயிற்று.

"மார்கழியில நாங்க புதுசா எதையும் தொடங்க மாட்டோம் சார். தை பிறக்கட்டும், வந்து வச்சிடறேன்."

நம் ஆட்களிடம் மார்கழி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். வீடு பார்க்க மாட்டார்கள், பெண் பார்க்க மாட்டார்கள். கதவைச் சாத்துவதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே. அந்த மார்கழியில்தான் நான் அதுவரை வாங்காத ஒரு கடையில் பேப்பர் எடுத்தேன், புதிதாக ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தேன். கல்யாணமெல்லாம் தையில்தான் என்பதால் பத்திரிகையெல்லாம் மார்கழியில் அச்சாக வேண்டும், வருடத்திலேயே கடை நிறைந்து வழிகிற மாதம் அதுதான். மார்கழி எனக்குத் தடையே இல்லை. எதற்கு இந்த ஆள் இப்படி அவசரப்படுகிறான் என்ற சந்தேகம்தான் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

"எனக்கு மார்கழி தெரியாதுங்கக்கா, மழை தெரியும்" என்றார் அவர். "மழைக்காலம் இதுதான். கையெழுத்து மட்டும் இன்னிக்கு வச்சிடுங்க."

"வருஷக் கடைசி, கணக்கு காட்டணுமாக்கும் உங்களுக்கு?"

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "இது நல்ல காரியம் இல்லைங்களே நாள் பாக்கறதுக்கு. கெட்டது வந்துட்டா என்ன செய்யறதுன்னுதானே எடுக்கறோம்."

"காலங்காத்தால கடை வாசல்ல நின்னு கெட்டது பேசாதீங்க சார்!" என்று போட்டேன் ஒரு சத்தம். பக்கத்தில் அழகு நிலையம் நடத்தும் பெண் எட்டிப் பார்த்தாள். அவர் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு, "தை ரெண்டாம் தேதி வர்றேங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான அடி கொடுத்தோம் என்று எனக்கு அன்றைக்கு முழுக்க உற்சாகமாக இருந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பிடித்த மழை ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடவில்லை. கடைக்குப் போகும் சாலையை அடைத்துவிட்டார்கள். அழகு நிலையக்காரி வரிசையின் பின்பக்க மாடியில் குடியிருப்பவள். அங்கிருந்து போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். என் கடை ஷட்டரின் பாதிக்குப் பழுப்புத் தண்ணீர். எங்கிருந்தோ மிதந்து வந்த ஒரு கியாஸ் சிலிண்டர் தோம்பு ஷட்டரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. நான் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீட்டுக்காரர் போனை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமைதான் உள்ளே போக முடிந்தது. ஒன்பது கல்யாணத்துப் பத்திரிகைகள் ஊறிப்போன ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தன. மெஷின் உருளைகளில் சேறு. பார்க்க வந்த மெக்கானிக் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு, "இது முடிஞ்சிருச்சுக்கா" என்றான். நான் அழுதேன். சேற்றில் நின்றுகொண்டே, மூக்கைத் துடைக்கக் கை சுத்தமில்லாமல் அழுதேன்.

அழகு நிலையக்காரி தன் கடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள்.

"விடுங்கக்கா. உங்களுக்காச்சும் இன்சூரன்ஸ் இருக்கே. அந்த ஆளு எத்தன தடவ வந்து அளந்தான், எழுதினான். எப்ப காசு தர்றானாம்?"

நான் எடுக்கவே இல்லை. அவ்வளவுதான் பதில். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என்னை ஏமாற்ற முடியாது என்று பெயர் வாங்கியவள் நான். எல்லாருக்கும் கடிதம் படித்துச் சொல்கிறவள். எல்லாவற்றையும் படித்து, எல்லாரையும் விசாரித்து, கடைசியில் கையெழுத்து வைக்காமல் மெஷினைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் என்று எப்படிச் சொல்வது?

"அதெல்லாம் எங்க லா குடுக்கப்போறாங்க" என்றேன்.

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர்கள் கொடுக்கப்போவதில்லை என்பது உண்மைதானே?

"பாத்தீங்களா! நம்ம ஆளா இருந்தா இப்படிச் செய்வானாக்கா?" என்றாள் அவள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு எங்களைக் கவிழ்த்தவன் நம்ம ஆள்தான், எங்கள் குலசாமியைக் கும்பிடுகிறவன்தான். நான் துடைப்பத்தை எடுத்துச் சேற்றைத் தள்ள ஆரம்பித்தேன்.

அவள் வாயில் விழுந்தது மத்தியானத்துக்குள் வரிசை முழுக்கப் போய்விட்டது. மளிகைக் கடைக்காரர் வந்து, "அவன் மேல புகார் குடு, நான் சாட்சி வர்றேன்" என்றார். பார்க்கலாம் என்றேன்.

நான்காம் நாள் அந்தப் புரோக்கரே வந்தார். காற்சட்டையை மடித்துவிட்டு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு நின்றார். நான் பயந்துவிட்டேன். சொல்லிக்காட்ட வந்திருக்கிறான், இல்லையென்றால் சூட்டோடு சூடாகக் கையெழுத்து வாங்க வந்திருக்கிறான். அவர் இரண்டையும் செய்யவில்லை. மெஷினை எந்தெந்தப் பக்கத்திலிருந்து படம் எடுத்து வைக்க வேண்டும், வெள்ள உதவிக்கு எந்த விண்ணப்பப் பாரத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொன்னார். பின்கட்டில் அடைத்திருந்த சேற்றை ஒரு மணி நேரம் வெட்டி வெளியே போட்டார். அழகு நிலையக்காரி வாசலில் நின்றாள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"அக்கா, இந்த வரிசையில மூணு கடைக்காரங்க எங்கிட்ட எடுக்கறதா இருந்தாங்க. நேத்து மூணு பேரும் வேணாம்னுட்டாங்க. நான் உங்கள ஏமாத்திட்டேன்னு பேசிக்கிறாங்களாம். நீங்க எதுவும் சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. மண்வெட்டியை லோங்காங்கில் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மாலையில் வீட்டுக்காரர் சாமி படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கழிவு அட்டை விழுந்தது. ஈரம் படாமல் அப்படியே இருந்தது. அவருக்குப் படிக்க நேரமாகும். படித்துவிட்டு, "இத பக்கத்துக் கடையில காட்டலாம்ல?" என்றார்.

"ஒங்க வேலையப் பாருங்க" என்று கத்தினேன். அவர் அட்டையை என் மேசை மேல் வைத்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தார்.

அந்த மார்கழி முழுக்க நான் தூங்கிய தூக்கம் தூக்கமே இல்லை. ஷா ஆலாமில் இருந்த ஓர் அச்சகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது வீட்டுப் பத்திரிகைகளையும் அடித்துக் கொடுத்தேன். தங்கை மகள் கடன் கொடுத்தாள், பழைய மோட்டார் ஒன்று மாட்டி மெஷின் முக்கி முனகி ஓட ஆரம்பித்தது. தை பிறந்தது. இரண்டாம் தேதி வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை. வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் தேதி நானே போன் செய்தேன். "வர்றேங்கக்கா" என்றார்.

புதன்கிழமை காலையில் வந்தார். தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இப்போதுதான் குடித்ததாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அழகு நிலையக்காரி புது விலைப்பட்டியல் அடிக்கக் கொடுப்பதற்காக வந்தாள். அவரைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். இவனிடமே மறுபடியுமா என்று அவள் புருவம் கேட்டது. போகாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் பாரத்தைப் பூர்த்தி செய்யத் தொடங்கினார். கடை முகவரி, மெஷினின் வயது, தரையின் உயரம், தண்ணீர் வந்த அளவு. எதையும் கேட்கவில்லை, எல்லாம் அவர் குறிப்பில் இருந்தது. பேனா சரசரவென்று போனது. ஓர் இடத்தில் நின்றது. தலையை நிமிர்த்தாமல், பாரத்தைப் பார்த்தே வாசித்தார்.

"இதுக்கு முன்னாடி இந்தக் கடைக்கு எந்தக் கம்பெனியாச்சும் நஷ்டஈடு குடுக்க மறுத்திருக்கா அக்கா?"

இந்தக் கேள்விக்குப் பதில் உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மற்றதையெல்லாம் கேட்காமல் எழுதியவர் இதை மட்டும் ஏன் வாய்விட்டுக் கேட்டார்? வேண்டுமென்றே கேட்டாரா, இல்லை, இப்படிப்பட்டதை வாடிக்கையாளர் வாயால்தான் வாங்க வேண்டும் என்று அவர்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறதா? இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

"இல்ல" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னக்கா?" என்றார் அவர்.

"இல்ல. யாரும் மறுக்கல."

நாற்காலி கிறீச்சிட்டது. "என்னக்கா இல்லங்கறீங்க? அன்னிக்குக் குடுக்க மாட்டாங்கன்னீங்களே?" என்றாள் அழகு நிலையக்காரி.

மேசை இழுப்பறையிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திருப்பினாள். பணம் கட்டிக் கையெழுத்து வைத்த நாளிலிருந்து என்ற வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"நான் கையெழுத்தே வைக்கலம்மா" என்றேன். "தம்பி மூணு தடவ வந்து கேட்டாரு. நான்தான் மார்கழி அது இதுன்னு திருப்பி அனுப்பினேன். என்னை யாரும் ஏமாத்தல. நான்தான் உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் "இல்லை" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டார். பாரத்தை என் பக்கம் திருப்பி, "படிச்சுப் பாத்துட்டு வைங்கக்கா" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எழுத்துகள் கலங்கிக் கலங்கித் தெரிந்தன. கையெழுத்து வைத்தேன்.

அன்றைக்கு மாலையே அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, அவரிடம் வேண்டாம் என்று சொன்ன அந்த மூன்று கடைகளுக்கும் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதல் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். மளிகைக் கடைக்காரர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு இப்படிச் சொல்ல அந்த ஆள் என்ன கொடுத்தானோ என்று அவர் யோசிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் பழக்கம்தானே அது?

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம்க்கா" என்றார். "இருந்தாலும் நமக்கெதுக்கு வம்பு?"

மூன்று பேரில் ஒருவரும் இன்றுவரை அவரிடம் எடுக்கவில்லை. அவர்களை நான் ஒன்றும் சொல்ல முடியாது. அவர்கள் இடத்தில் நான் இருந்தால், நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.